ஐந்தாவது மாதிரிக் கடிதம்

பாளையங்கோட்டை
9-6-1968

அன்புள்ள அக்காவுக்கு பாகீரதி நமஸ்காரம். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவாயே என்று ஜூன் மாதம் வந்தாலே எனக்குக் கவலை.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். ஜெயா எட்டாவது போய்விட்டாள். மார்ச்சில் சர்க்கார் பரீட்சை. கணக்கில் புலி, இங்கிலீஷ் என்றால் முகம் சுண்டிப்போகிறது. அவள் அப்பா ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, பொறுமைதான் இல்லை. சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து ஐந்தாவது நிமிஷம் ஸ்கேலைத் தேடுகிறார். நேற்று அவரே, "உங்க அக்கா மாதிரி சொல்லித்தர இந்த ஜில்லாலயே ஆள் கிடையாது, நோட்ஸ் எழுதி அனுப்பச் சொல்லேன்" என்றார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் வாயால் இன்னொருத்தரைப் பற்றி நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது நேற்றைக்குத்தான்.

இலக்கணம், கட்டுரை, கடிதம், செய்யுளில் வருகிற அணிகள் எல்லாவற்றையும் ஆறாவதிலிருந்து ஒருதரம் திருப்பிப் பார்க்கிற மாதிரி, தமிழில் விளக்கத்தோடு எழுதி அனுப்புவாயா? உனக்குச் சிரமம்தான். கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
பாகீரதி


வலியசாலை, திருவனந்தபுரம்
18-6-1968

சௌபாக்கியவதி பாகீரதிக்கு அக்கா சீதாலக்ஷ்மி எழுதியது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் ஜெயாவுக்கும் என் ஆசீர்வாதம்.

முதல் மூன்று பாடம் இத்துடன் வருகிறது. இங்கே தமிழ்ப் பிரிவில் ஏழாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுக்கிறதையே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். இலக்கணப் புஸ்தகத்தில் ஒரு ராமன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இருக்கிறான், இருபது வருஷமாகப் போய்ச் சேரவில்லை. அவனை நான் சேர்த்துக்கொள்வதில்லை. என் உதாரணமெல்லாம் எங்கள் தெருவில் நிஜமாக நடந்தவை. பால்காரர் வேலப்பன் பாலில் தண்ணீர் ஊற்றுகிறார் என்றால் ஆக்டிவ் வாய்ஸ். பாலில் தண்ணீர் ஊற்றப்பட்டது என்றால் பாஸிவ், அதில் வேலப்பன் தப்பித்துவிடுகிறார். இப்படிச் சொன்னால் ஒரு பெண்ணும் மறப்பதில்லை. பொய்யான உதாரணம் மனசில் நிற்காது என்பது என் அனுபவம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் பயிற்சி வைத்திருக்கிறேன். ஜெயா எழுதி அனுப்பவேண்டும், நான் திருத்தி அனுப்புவேன். அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்று சொல். ஸ்கேலுக்கு வேலை இல்லை.

இரண்டு நாளாக மழை விடவில்லை. துணி ஒன்றும் உலரவில்லை.

அக்கா


பாளையங்கோட்டை
4-8-1968

அன்புள்ள அக்காவுக்கு அநேக நமஸ்காரம். உனக்கு மழை, எங்களுக்கு ஆடிக் காற்று. வீடு முழுக்க மண். மற்றபடி எல்லோரும் நலம்.

ஒன்பது பாடம் வந்து சேர்ந்தது. ஜெயா பயிற்சியை எழுதி வைத்திருக்கிறாள், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போது அவள் நீ அனுப்பிய கவர் வந்தால் பிரிக்க நான்தான் என்று வாசலுக்கு ஓடுகிறாள். வேலப்பனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவள் அப்பாவும் உன் பாடங்களை வரிசையாக நம்பர் போட்டு, பெரிய நோட்டில் ஒட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். மீதியைக் கார்த்திகைக்குள் முடித்து அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

சொரிமுத்து போன வெள்ளிக்கிழமை ரிடையர் ஆனான். ஞாபகம் இருக்கிறதா, தந்தி கொண்டுவருகிறவன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவன் நம் வாசலிலும் வந்து நின்றான். நான் கதவைச் சாத்தினேன். பதிமூன்று வருஷமானாலும் எனக்கு ஆறவில்லை. அம்மாவுக்குச் சீரியஸ் என்று ஞாயிற்றுக்கிழமையே நீ கொடுத்த தந்தியை எங்கே தொலைத்தானோ, புதன்கிழமை அம்மா போய்விட்டாள் என்கிற தந்தியைத்தான் கொண்டுவந்தான். "அப்படி ஒரு தந்தி வரவே இல்லம்மா" என்று இன்றுவரை சாதிக்கிறான். அன்றைக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டு, "உன் ஆத்துக்கும் இப்படி ஒரு சேதி வரட்டும்" என்று நான் சபித்தேன். மறு வருஷமே அவன் மூத்த பிள்ளை ஆற்றோடு போய்விட்டான். அதை நினைத்தால் சில நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் தப்பு அவனுடையதுதானே, அக்கா?

பாகீரதி


வலியசாலை
27-8-1968

சௌபாக்கியவதி பாகீரதிக்கு ஆசீர்வாதம். சௌக்கியமாக இருக்கிறேன். ஜெயாவின் பயிற்சியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பேனா மையை வீட்டில் சாம்பாரில் ஊற்றுகிறாளோ என்னவோ, தாளில் பாதிக்கு வரவில்லை. பதில் எல்லாம் சரி. கெட்டிக்காரி.

இந்தத் தடவை அணிகள். உவமை, உருவகம், மிகைப்படுத்திச் சொல்வது, ஜடப்பொருளை மனுஷர் மாதிரி சொல்வது எல்லாம் உதாரணத்தோடு இருக்கின்றன. மிகைக்கு எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ரோஸ் டீச்சரைத்தான் வைத்தேன். "ஆயிரம் ப்ராவசியம் பறஞ்ஞு" என்பார், ஆயிரம் தடவை சொன்னாராம். இரண்டு தடவை சொல்லியிருப்பார். ஐரனி என்று ஒன்று இருக்கிறது. ஒருத்தர் நல்லதென்று நினைத்துச் செய்வது நேர் எதிராகப் போய் முடிவது. அதற்கு மட்டும் உதாரணம் எழுதவில்லை. பிறகு அனுப்புகிறேன்.

சொரிமுத்து விஷயம் படித்தேன். பிள்ளை போனதை நீ இத்தனை நாள் எனக்கு எழுதவே இல்லையே. ஒரு மனுஷன் வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்தியிருக்க வேண்டாம். அதைப் பற்றி உனக்குத் தனியாக எழுதவேண்டும் என்று மூன்று தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தரமும் ஏதோ வேலை வந்துவிட்டது.

அக்கா


வலியசாலை
2-10-1968

சௌபாக்கியவதி பாகீரதிக்கு அக்கா ஆசீர்வாதம். நவராத்திரி நல்லபடியாக முடிந்ததா? இங்கே சரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்தை எல்லாம் கட்டி வைத்தாயிற்று. அதனால் எழுதாமல் இருக்க ஒரு நாள் சாக்குக் கிடைத்தது.

கடிதம் எழுதும் பாடம் இத்துடன் இருக்கிறது. ஐந்து மாதிரிக் கடிதங்கள். முதலாவது லீவு கேட்டு. இரண்டாவது புஸ்தகக் கடைக்கு. மூன்றாவது சிநேகிதியைக் கோயில் ஆராட்டு ஊர்வலம் பார்க்கக் கூப்பிட்டு. நாலாவது பாஸான அத்தை பிள்ளைக்கு. ஐந்தாவது ஒருத்தி தன் தங்கைக்கு எழுதுவது.

அந்த ஐந்தாவதை ஜெயாவை உரக்க வாசிக்கச் சொல்லி, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. கேட்டுவிட்டு எனக்கு உடனே எழுது. இரண்டு வரி போதும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரணை.

அக்கா


வலியசாலை
10-11-1968

பாகீரதிக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்கு நீ அனுப்பிய அப்பளமும் நார்த்தங்காயும் கிடைத்தன. பார்சலுக்குள் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று பழைய பேப்பரைக்கூட நீவிப் பார்த்தேன்.

கடிதப் பாடம் கிடைத்ததா? ஜெயா பயிற்சி அனுப்பியும் நாளாயிற்று. யாருக்காவது உடம்பு சரியில்லையா? கார்டு கண்டவுடன் எழுது. இங்கே தபால்காரரைப் பார்த்தால் நான் எழுந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

அக்கா


பாளையங்கோட்டை
4-12-1968

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இங்கு யாவரும் நலம். உன் நலனுக்கு எழுதவும்.

மழை நன்றாகப் பெய்கிறது. ஆற்றில் வெள்ளம். அடுத்த வீட்டில் புது மாடு வாங்கியிருக்கிறார்கள். நான் வடாம் போட நினைத்தேன், வெயில் இல்லை. அவருக்கு இருமல், இப்போது தேவலை. ஜெயாவுக்கு அரைப் பரீட்சை நடக்கிறது.

பாடங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இனி அனுப்ப வேண்டாம். அவ்வளவு போதும்.

பாகீரதி


வலியசாலை
27-1-1969

பாகீரதிக்கு,

நான் சௌக்கியமா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் வகுப்பில் முத்தாரம்மாள் என்று ஒரு பெண். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடையில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில். பொங்கலுக்குப் போனவர் மகளுக்கு ஒரு புஸ்தகம் வாங்கி வந்திருக்கிறார். நடுநிலைப் பள்ளி ஆங்கிலத் துணைவன். ஆசிரியர் நாகேஸ்வரன், பி.ஏ., பி.டி. முன்னுரையில் இருபது வருஷத்துச் சொந்த அனுபவத்தின் பலன் என்று போட்டிருக்கிறது. சரித்திர வாத்தியாருக்கு எந்த ராஜா காலத்தில் இங்கிலீஷ் அனுபவம் வந்தது?

வேலப்பன் லிங்கமாகிவிட்டார். வலியசாலை, வண்ணார்பேட்டை ஆகிவிட்டது. ரோஸ் டீச்சர் ஒரு தலைமை ஆசிரியராகி மீசை வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் என் எழுத்து, ஒரு கமா மாறவில்லை. "டீச்சர் இந்தக் கைடைப் பாத்துத்தான் சொல்லித் தர்றாங்க" என்று பெண்கள் பின்பெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். அது ரோஸ் டீச்சர் காதுக்கும் போய், "டீச்சரே, கைடு நோக்கியாணோ க்ளாஸ் எடுக்குந்நது?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் எழுதியதை நானே காப்பியடிக்கிறேனாம். என் தங்கை புருஷன் திருடினார் என்று சொல்லவா? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன வியாழக்கிழமை திருப்புதல் வகுப்பில், சொந்தக்காரர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் சொல்லுங்கள் என்றேன். முத்தாரம்மாள் எழுந்து கைகட்டி நின்று, மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தாள். அறுபத்து மூன்றாம் பக்கம். நீ ஜெயா வாயால் கேட்டாயோ இல்லையோ, நான் முத்தாரம்மாள் வாயால் கேட்டேன். இந்தத் தடவை தமிழிலேயே எழுதுகிறேன்.

அன்புள்ள தங்கைக்கு. அம்மாவுக்கு உடம்பு மோசமானபோது உனக்குத் தந்தி கொடுத்ததாகச் சொன்னேன். கொடுக்கவில்லை. அப்போது உனக்கு ஏழு மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. ரயிலில் அலைந்து வந்தால் இதுவும் போய்விடுமே என்று பயந்தேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டி மதுரை தாண்டிவிட்டது என்றேன். மறுபடி கேட்டாள். திண்டுக்கல் தாண்டிவிட்டது என்றேன். மூன்றாவது தரம் திருச்சி வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

மதுரையும் திண்டுக்கல்லும் மாப்பிள்ளையின் கைவேலை. நான் அம்மாவிடம் சொன்னது செங்கோட்டை, புனலூர், கொல்லம். "பாகீ வண்டி எங்கே வந்திருக்குடீ" என்று கேட்டாள். கொல்லம் என்றதும் புடவையைச் சரி பண்ணிவிடச் சொன்னாள், நீ வந்தால் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று. அதை நான் இங்கிலீஷிலும் எழுதவில்லை.

ஒப்பித்து முடித்ததும் பக்கத்துப் பெண் எழுந்து, "டீச்சர், அந்தத் தங்கச்சி மன்னிச்சாளா இல்லியா? அது புஸ்தகத்துல இல்லியே" என்றாள். பதில் வந்தால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

நான் உனக்கு எழுதினேன் பாகீ. உனக்கு மட்டும். அதை அச்சடித்து நாஞ்சில்நாடு வரைக்கும் விற்றிருக்கிறீர்கள். இரண்டு கேட்கிறேன். அடுத்த பதிப்பில் புஸ்தகத்தை எழுதியது நான் என்று என் பேர் இருக்கவேண்டும். அறுபத்து மூன்றாம் பக்கம் இருக்கக்கூடாது. முதலாவது இல்லாவிட்டாலும் போகட்டும், இரண்டாவதைச் செய். பிறகு நான் அக்டோபரில் கேட்ட அந்த இரண்டு வரி.

சீதாலக்ஷ்மி


பாளையங்கோட்டை
9-2-1969

மரியாதைக்குரிய சீதாலக்ஷ்மி அவர்களுக்கு நாகேஸ்வரன் நமஸ்காரம். இறைவன் அருளால் இங்கு அனைவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைக் கோருகிறேன்.

தாங்கள் பாகீரதிக்கு எழுதியதைப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்குள் என் பேர், உன் பேர் என்று பிரிப்பது தங்களைப் போன்ற படித்தவர்களுக்கு அழகல்ல. தாங்கள் அனுப்பியது வெறும் குறிப்பு. அதை வரிசைப்படுத்தி, அச்சகத்துக்கு அலைந்து, பிழை திருத்திப் புஸ்தகமாக்கிய பாடு எனக்குத்தான் தெரியும். மேலும் ஒரு ஸ்திரீயின் பேரில் இலக்கணப் புஸ்தகம் வந்தால் பள்ளிகளில் சிபாரிசு செய்யத் தயங்குவார்கள் என்று அச்சகத்தாரே சொன்னார். தங்கள் உழைப்பு ஏராளமான குழந்தைகளுக்குப் பயன்படுகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும்?

அறுபத்து மூன்றாம் பக்கம் என் தீர்மானம் அல்ல. அதைப் பற்றி பாகீரதிதான் எழுதவேண்டும். எழுதுவாள்.

தங்கள் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் கேள்விப்பட்டேன், அனுப்பட்டுமா?

நாகேஸ்வரன்


வலியசாலை
21-2-1969

பாகீரதி,

அவருடைய தைலம் வேண்டாம்.

உன் தீர்மானம் என்கிறார். நம்பவில்லை. அவர் அதட்டியிருப்பார், நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாய் என்றுதான் இத்தனை நாள் என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். நான் தூக்கி வளர்த்த பெண் நீ. எனக்கு இப்படிச் செய்ய உனக்கு வராது. வராது என்று நீயே எழுது.

சீதா


பாளையங்கோட்டை
23-3-1969

அக்கா,

ஜெயா பரீட்சை நேற்றோடு முடிந்தது. அதுவரை இதை எழுதக்கூடாது என்று இருந்தேன்.

முதலில் உனக்கு ஒன்று தெரியவேண்டும். ஜூனில் உன்னிடம் நோட்ஸ் கேட்டது ஜெயாவுக்காகத்தான். அதில் ஒரு சூதும் இல்லை. ஆகஸ்டில்தான் அவர் புஸ்தகமாகப் போடப்போகிறேன் என்றார். அக்கா பேரில் போடுங்கள் என்றேன். கேட்கவில்லை. இரண்டு பேர் பேரையும் போடுங்கள் என்று ஒரு மாதம் சண்டை போட்டேன், இரண்டு நாள் பட்டினிகூடக் கிடந்தேன். கடைசியில் சரி என்று இறங்கி வந்தார். உனக்குச் சந்தோஷமாக எழுதலாம் என்று கார்டு வாங்கி வைத்திருந்தேன். அந்த வாரம்தான் கடிதப் பாடம் வந்தது.

நீ சொன்னபடியே கேட்டேன். வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஜெயா ஊஞ்சலில் உட்கார்ந்து வாசித்தாள், நான் கீழே உட்கார்ந்திருந்தேன். லீவு லெட்டருக்குச் சிரித்தாள். ஆராட்டுக்கு என்னையும் கூட்டிண்டு போம்மா என்றாள். ஐந்தாவதை வாசித்து வரிக்கு வரி அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தவள் செங்கோட்டையில் நின்றுவிட்டாள். "அம்மா, அந்த ஏழு மாசம் நான்தானா?" என்று கேட்டாள். "என்னாலதான் நீ பாட்டியைப் பாக்க முடியலையா?" என்று கேட்டாள். மீதியை அவள் சொல்லவில்லை. ராத்திரி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து உன் நோட்ஸை அவள் தொடுவதில்லை. பரீட்சைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டை வைத்துத்தான் படித்தாள்.

தந்தி கொடுக்காததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் வயிற்றில் இருந்ததற்காகத்தான் செய்தாய். திட்டக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டாய். ஆனால் அம்மா காரியம் முடிந்து பதினைந்தாம் நாள் நீ இங்கே வந்தபோது நான் உன் மடியில் படுத்துக்கொண்டு சொரிமுத்துவைச் சபித்ததைச் சொன்னேனே, அப்போது என் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தாயே. தந்தி ரசீது கொடுங்கள், மேலதிகாரிக்கு எழுதிப்போடுகிறேன் என்று அவர் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றாயே. பதிமூன்று வருஷம் ஒரு நிரபராதியை நான் வாசலில் ஏற்றவில்லை. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எனக்கு வருஷா வருஷம் நார்த்தங்காய் நன்றாக இருந்தது என்று எழுதினாய். கடைசியில் அதைச் சொல்லத் துணிந்தபோதும் உன் கையால் தமிழில் எழுதவில்லை. என் பெண் வாயில் வைத்து அனுப்பினாய்.

அன்றைக்கே சண்டையை விட்டுவிட்டேன். உங்கள் பேரையே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்தாவது கடிதம் குடும்ப விஷயம், எடுத்துவிடுகிறேன் என்று அவர்தான் சொன்னார். இருக்கட்டும் என்று சொன்னது நான். அவர் அதட்டவில்லை. எனக்கு வந்தது, அக்கா.

முதல் பிரதி வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு, ஜெயாவையும் கூட்டிக்கொண்டு சொரிமுத்து வீட்டுக்குப் போனேன். வெறும் வாயால் சொன்னால் நம்புவானோ மாட்டானோ, அச்சில் இருந்தால் நம்புவான் என்று நினைத்தேன். அவன் கதவைச் சாத்தவில்லை. பாய் போடச் சொன்னான். ஜெயா வாசித்து அர்த்தம் சொன்னாள், இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னாள். ஊர் பேரெல்லாம் மாறியிருந்தாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்லாம்மா" என்றான். அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

நீ பேர் கேட்டாய். ஜூனில் இரண்டாம் பதிப்பு வருகிறது. உன் பேர் இருக்கும். அட்டையில் இல்லை, அறுபத்து மூன்றாம் பக்கத்தில், அந்தக் கடிதத்துக்கு அடியில். செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்று ஸ்டேஷன்களையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் தேடிக்கொண்டு கொல்லம் வரை வந்திருக்கிறாள். அதைத் திருச்சி என்று போட எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்தப் பெண் கேட்டதற்கு என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே இன்னும் தெரியவில்லை.

பாகீரதி


வலியசாலை
22-6-1969

பாகீரதிக்கு,

இரண்டாம் பதிப்பு சாலையில் பெரிய புஸ்தகக் கடைக்கே வந்துவிட்டது. நீ அனுப்புவாய் என்று காத்திராமல் நானே போய் வாங்கினேன்.

முந்தாநாள் புது ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஒப்பித்தாள். இந்த வருஷம் நான் மன்னிப்புக் கடிதம் என்று கேட்கக்கூட இல்லை, தெரிந்த கடிதம் ஏதாவது சொல்லு என்றேன், அவ்வளவுதான். கடைசி வரிவரை சொல்லி, அடியில் இருக்கிற பேரையும் சேர்த்து ஒப்பித்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "டீச்சர் பேரும் அதானே?" என்றாள். வகுப்பில் நாற்பத்தியொரு பெண்கள். ஆமாம், எழுதியது நான்தான் என்றேன். புஸ்தகம் முழுக்க நான் எழுதியது என்று சொல்லத்தான் ஐந்து மாதமாக வாயைத் திறக்கப் பார்த்தேன். இதற்குத்தான் திறக்க முடிந்தது.

நீ எனக்குச் செய்ததைச் சின்னதென்று நான் சொல்லமாட்டேன். அக்டோபரிலிருந்து மார்ச்வரை நான் இந்த வாசலில் தபாலுக்குக் காத்திருந்தேன், நீ எனக்கு வெள்ளத்தைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எழுதினாய். தூக்கி வளர்த்த கை வலிக்கிறது பாகீ. ஒரு தரம் நேரில் வந்து கன்னத்தில் அடித்திருக்கலாம். ஆனால் உன் மார்ச் கடிதத்தை எத்தனை தரம் படித்தாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறேன். நீ மடியில் படுத்திருந்தாய், நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். சொல்ல அந்த ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

ஜெயாவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. அவளாக ஒரு நாள் எழுதினால் பார்ப்போம்.

சொரிமுத்து அவர்களுடைய விலாசத்தை ஒரு கார்டில் எழுதி அனுப்பு. தந்தி கொண்டுவந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்கும், நடுவில் யாரும் வேண்டாம். அவர் பெண்டாட்டி பேரையும் கேட்டு எழுது. கடிதத்தை அந்த அம்மாளுக்கும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

சீதா